கீழே போடக் கூடாத நூல்

கொத்தர்கள் மூன்றாம் வரிசைச் செங்கல்லை வைத்துக்கொண்டிருக்கும் ஓசை காதில் விழ, மூன்று ஆறுகள் காக்கும் நெடுவயல் நாட்டை ஆண்டருளும் வேந்தர் பெருமாறனார் திருவடிகளுக்கு, கருங்குன்ற நாட்டுக்குத் தூது வந்த அமைச்சன் இளங்கண்டன் வணங்கி எழுதும் ஓலை. தங்கள் வயலும் வாயிலும் நிறைந்திருக்க.

தங்கள் மகளார் காரிநங்கையாரை அழைத்துவரப் புறப்பட்ட பல்லக்கை உடனே திருப்புக. ஓலையைக் கட்டியிருந்த சிவப்பு நூலைத் தாங்களே அவிழ்த்திருப்பீர்கள். அதைக் கீழே போட வேண்டாம்.

தங்கள் மருமகனார், கருங்குன்ற அரசர் செவ்வேலர் மறைந்து இன்று பதினோராம் நாள். அரசரோடு கூடிய தேவியைக் கைம்மை மாடத்தில் வைத்து, சோறு செல்லும் சாளரம் ஒன்றை விட்டு, ஆயுளுக்கும் சுவர் எழுப்புவது இந்நாட்டு வழக்கம். கூடாதவரைக் கன்னியாகவே தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

தங்கள் மகளார் கூடாதவர் என்று காட்டும் நம் வேலை எளிது என்றே நினைத்தேன். திருமண ஊர்வலத்தில் யானை சரிந்த நாள் முதல் அரசருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை என்று வைத்தியர் சாட்சி சொன்னார். கூடிய மறுநாள் காலையில் அதற்கு அடையாளமாகப் பள்ளியறைப் பணிப்பெண் எடுத்துத் தரும் சிவப்பு நூல், ஓலையில் கட்டப்பட்டுத் தாய்வீடு போகும். ஐந்து ஆண்டுகளாக அந்த நூல் நமக்கு வரவில்லை.

எது கூடல் என்று அவையின் ஐந்து முதியோர் இரண்டு நாள் பேசினார்கள். ஒரே அறையில் படுத்தாலே போதும் என்றார் ஒருவர். அப்படியானால் ஒரே கூடாரத்தில் படுக்கும் படைவீரரெல்லாம் தம்பதிகளா என்று மற்றொருவர் கேட்க, அவை சிரித்தது. பிள்ளைக்கு வழியில்லாதது கூடலாகாது என்று முடிவாயிற்று. கூடவில்லை என்று தேவியாரும் ஒப்புக்கொண்டால் போதும்; மறுத்தால் அவர் சொல்லே நிற்கும். ஆம் என்ற ஒரு சொல்லைச் சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்று நேற்று அவரிடம் சொன்னேன். வழியில் பல்லக்கு அதிகம் ஆடுமா என்று மட்டும் கேட்டார்.

இன்று காலை தேவியார் அவையில் எழுந்து நின்றார்.

"வைத்தியர் ஐயா அவர் இடுப்பைத்தான் பார்த்தார், கையைப் பார்க்கவில்லை. அவர் விரல் அறியாத இடம் என் உடம்பில் இல்லை; என் விரல் அறியாத இடம் அவர் உடம்பில் இல்லை. ஐந்து வருஷம் அந்த அறையில் இருந்தவள் நான். நாங்கள் கூடவில்லை என்று நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்?"

யாரும் சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்லம்மா என்று அவைத்தலைவர் இரண்டு முறை இறைஞ்சினார். யோசித்துவிட்டேன் என்றார் தேவியார். வைத்தியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடத்தை மூடுக என்பது அவையின் ஆணை. குன்று முத்திரை இட்டாயிற்று. நம் சார்பில் நானும் இட்டேன்.

உள்ளே போகுமுன் காரிநங்கையார் பணிப்பெண்ணிடம் ஒன்றைக் கேட்டு வாங்கி, அப்பாவுக்கு அனுப்ப ஐந்து வருஷம் தாமதமாகிவிட்டது என்று சொல்லி என் உள்ளங்கையில் வைத்தார்.

தங்கள் கையில் இருப்பது அந்த நூல்.