எந்தப் பக்கம் பார்ப்பது

மாப்ள,

இன்று சாயங்காலம் ஷார்ஜா ரோலா கடைத்தெருவில் சைக்கிள் ரிப்பேர் கடையைத் தாண்டும்போது பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனை வந்தது. காய்கறிப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். நீ போய்ப் பத்து வருஷம் ஆகிறது. என் மூக்குக்கு அது தெரியவில்லை போலிருக்கிறது.

கடைக்காரர் "பாய், க்யா சாஹியே?" என்றார். ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தேன். ஒரு வாரமாக என் மண்டைக்குள் ஓடும் சைக்கிளே போதும்.

மகள் இங்கிலாந்தில், லீட்ஸில் படிக்கிறாள். நீ பார்த்தபோது மூன்றாம் வகுப்பு. பிறந்து வளர்ந்ததெல்லாம் ஷார்ஜா. போன வாரம் போனில், "அப்பா, பஸ் டெய்லி லேட். இங்க நிறையப் பேர் சைக்கிள்லதான் போறாங்க. செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்கவா?" என்றாள். மழை, மேடு, திருட்டு என்று அடுக்கிப் பார்த்தேன். ரெயின்கோட், கியர், இரண்டு பூட்டு என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். நான் சொல்லாமல் வைத்திருந்த காரணம் நீதான்.

அப்போது நாம் ஒரே பில்டிங். நான் மூன்றாவது மாடியில் குடும்பத்தோடு, நீ கீழே பேச்சிலர் ரூமில் ஆறு பேரோடு. இரண்டு பேரும் சைக்கிளில்தான் குடோனுக்குப் போவோம். போய்ச் சேர்வதற்குள் சட்டையைப் பிழியலாம். மாற்றுச் சட்டையைப் பையில் சுற்றி ஹேண்டில்பாரில் மாட்டியிருப்பாய். "பங்காளி, நாம டூட்டிக்குப் போறமா, குளிச்சிட்டு வர்றமா?" என்பாய்.

வெயிலைவிட உனக்கு ஆபத்து லீவுதான். புதுக்கோட்டையில் இரண்டு மாதம் ஓட்டிவிட்டு வந்தால் முதல் வாரம் முழுக்க ஊர்ப் பழக்கம் போகாது. ரோட்டில் ஏறும்போது வலதுபக்கம் மட்டும் பார்ப்பாய். இங்கே வண்டி வருவது இடதுபக்கமிருந்து. "லெஃப்ட் பாரு, லெஃப்ட் பாரு" என்று பின்னாலிருந்து கத்திக்கொண்டே வருவேன். "ஏர்போர்ட்லயே கழுத்தைக் கழட்டித் திருப்பி மாட்டி விடணும்டா" என்று சிரிப்பாய்.

கடைசி லீவு முடிந்து நீ வந்த மறுநாள் காலை எனக்கு ஒரே அசதி. ஜன்னலில் நின்று, "நீ போ மாப்ள, நான் பஸ்ல வர்றேன்" என்றேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லவில்லை. தெருமுனையில் நீ எந்தப் பக்கம் பார்த்தாய் என்று யாருக்கும் தெரியாது. இடித்த பிக்கப் வேன் இடதுபக்கமிருந்து வந்தது என்று மட்டும் சொன்னார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மகளுக்கு எல்லாம் நேர்மாறு. இங்கே வளர்ந்தவள், முதலில் இடதுபக்கம்தான் திரும்புவாள். அங்கே நம் ஊர் மாதிரி வண்டி வலதிலிருந்து வரும். வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் நடந்து போனாலும் அவள் ரோட்டைக் கடக்கத்தானே வேண்டும்? மல்லுக்கட்டத் தெம்பில்லை, மாப்ள. நேற்று உன் கதையை முழுசாகச் சொன்னேன். "அந்த மாமா செத்தது இப்படியாப்பா?" என்று கேட்டாள். பிறகு, "சரிப்பா, கிளம்புறப்போ டெய்லி சொல்லுங்க" என்றாள்.

நேற்றே சைக்கிளை வாங்கிவிட்டாள். இன்று முதல் நாள். அவளுக்குக் காலை எட்டு, எனக்கு மதியம். குடோனில் உட்கார்ந்து போன் போட்டேன். "ரைட் பாரும்மா" என்றேன். "ஓகேப்பா" என்று வைத்துவிட்டாள். அரைமணி கழித்து, "வந்து சேர்ந்துட்டேன்" என்று மெசேஜ் வந்தது. அதுவரை சோற்று டப்பாவைத் திறக்கவில்லை.

அவளுக்குச் சொல்ல வேண்டியது ரைட். உனக்குச் சொல்லாத லெஃப்ட் இன்னும் என்னிடமேதான் இருக்கிறது, மாப்ள.