நெடுந்தீவுக்குப் போற வழி

அன்புள்ள அக்கா,

போன் எடுத்தால் அழுதுபோடுவன் எண்டுதான் எழுதிறன்.

செவ்வாய்க்கிழமை இங்கை ஹம்பேர்க்கில ஒரு அகதி விசாரணைக்கு மொழிபெயர்க்கப் போனனான். நாற்பது வயது மனுசன், நெடுந்தீவு ஆள். உண்மையா அந்த ஊர் ஆளோ எண்டு பாக்க, அதிகாரி வரைபடத்தை விரிச்சு வைச்சுக் கேள்வி கேட்டா. தீவை முதல் போர்த்துக்கீசர், பிறகு ஒல்லாந்தர், பிறகு ஆங்கிலேயர் ஆண்டது எண்டு மனுசன் தடங்கலில்லாமல் சொன்னார்.

"யாழ்ப்பாணத்திலையிருந்து உங்கடை ஊருக்கு எப்பிடிப் போறது?"

"பஸ்ஸில."

பாலமே இல்லாத தீவு அது. அத்தானை இங்கையிருந்து ஊருக்குத் திருப்பி அனுப்பினதும் இப்பிடி ஒரு பதிலாலதான். அதைப் பற்றி எழுத எனக்கு ஏலாது. "பஸ்ஸில போய், பிறகு படகில" எண்டு ஜெர்மன் மொழியில சொல்லிப்போட்டன்.

முடிவில பதிவை அவருக்குத் தமிழில வாசிச்சுக் காட்டவேணும். படகு எண்டதும் மனுசன் கையை உயர்த்தினார்.

"நான் படகு எண்டு சொல்லேல்லை. அஞ்சு வயசில இடம்பெயர்ந்தனாங்கள். படகில நான் நித்திரையாம். பஸ்தான் எனக்கு ஞாபகம்."

அதிகாரி என்னைப் பாத்தா. இந்த முறை ஒரு சொல்லும் மாத்தாமல் சொன்னன். படகு நான் சேர்த்தது எண்டும் சொன்னன். விசாரணையை நிப்பாட்டி, வேறை மொழிபெயர்ப்பாளரோடை வேறொரு நாளுக்குப் புது டெர்மின் குடுத்தா. எத்தினை மாதமோ தெரியாது, அந்த மனுசன் காத்திருக்கவேணும். என்னை இனிக் கூப்பிடமாட்டினம்.

வெளியில வந்து அந்த மனுசன் என்னைக் கேட்டார்: "நான் பொய் சொல்லுறன் எண்டு நினைச்சியளோ, அக்கா?"

"ஓம்" எண்டன்.

உன்ரை தங்கச்சி