ஒரு பை நிறையப் பொருள்

ஜூன் 3

அன்புள்ள கமாவுக்கு,

நலம். நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே கெட்ட செய்தி சொன்னால் அச்சகத்தில் கமா போட்டுப் பிழை திருத்துகிற உங்கள் கண்ணுக்கு உறுத்தும். அதனால் நானே திருத்திக்கொள்கிறேன். வலது கையும் வாயும் நலம். இடது தோள்பட்டை எலும்பில் விரிசல், கட்டுப் போட்டிருக்கிறார்கள். பதறாதீர்கள். போனில் சொன்னால் நீங்கள் கத்துவீர்கள், நான் அதைவிடக் கத்துவேன், பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டுவாள். அதனால்தான் வழக்கம்போலக் கடிதம்.

கிடங்கில் சரக்கு இறக்கும் வாசலில் ஷட்டர் பாதியிலேயே மாட்டிக்கொண்டது. ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் சுவிட்சை அமுக்கினேன். தடதடவென்று இறங்கி என் தோளில் ஒரு போடு போட்டது. வண்டி தூக்கிப் பிடித்திருந்த பெட்டிகளையும் சேர்த்துத் தட்டிவிட்டது. கேமரா இருக்கிறது, ஆனால் அது ரோட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததாம்.

முதலில் ஓடி வந்தவர் எங்கள் சூப்பர்வைசர் அண்ணன். வாக்கிடாக்கியை வாயிலிருந்து எடுக்க மாட்டார், அதனால் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். நம் பாஷைக்காரர்தான். ஆனால் பல பாஷைக்காரர்கள் இருக்கிற இடமாயிற்றே, வாக்கிடாக்கியில் இங்கிலீஷ் மட்டும்தான் பேச வேண்டும். "டிரைவர் ஹிட் பை த ஷட்டர்!" என்று கத்தினார். அது அப்படியே பதிவாகியிருக்கிறது.

இப்போது ஆபீஸில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? 'பை' என்றால் பக்கத்தில் என்று பொருளாம். ஷட்டர் பக்கத்தில் நின்ற என் மேல், நானே கோணலாக அடுக்கிய பெட்டிகள் விழுந்தனவாம். நானா கோணலாக அடுக்குவேன்? வண்டி ஓட்டும் அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். விசாரணை வைக்கப்போகிறார்கள். அதில் தோற்றால் இனி எந்தக் கிடங்கிலும் என்னை வண்டியில் ஏற்ற மாட்டார்கள்.

'பை' என்றால் பக்கத்தில் மட்டும்தானா? உடனே எழுதுங்கள்.

அடிபட்டும் அழகு குறையாத,
டிரைவரம்மா


ஜூன் 8

அன்புள்ள டிரைவரம்மாவுக்கு,

கத்தினேன். உனக்குக் கேட்டிருக்காது, அச்சகம் முழுக்கக் கேட்டது. மெஷினை நிறுத்திவிட்டு வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள். நல்லவேளை, தலையில் விழவில்லை.

நீ கேட்ட வார்த்தை பெயருக்கு ஏற்ற பைதான். வீட்டில் கதவுக்குப் பின்னால் தொங்குமே உன் துணிப்பை, அதில் தக்காளியும் கிடக்கும், ஸ்பேனரும் கிடக்கும், போன வருஷத்துப் பஸ் டிக்கெட்டும் கிடக்கும். அதே கதைதான். பக்கத்தில் என்றாலும் பை. ஒருவரால், ஒன்றினால் என்றாலும் பை. பஸ்ஸில் வந்தாலும், கையால் தைத்தாலும், தெரியாமல் செய்தாலும், மனப்பாடம் செய்தாலும் பை. புத்தக அட்டையில் எழுதியவர் பெயருக்கு முன்னால் நிற்பதும் அதுவேதான்.

கெடு சொல்லவும் அது வரும். மறந்திருக்க மாட்டாய். கல்யாணமான புதிதில், வெளியூரிலிருந்து 'பை ஃபிரைடே' வருகிறேன் என்று செய்தி அனுப்பினேன். நீ வெள்ளிக்கிழமைதான் என்று நினைத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய். நான் புதன்கிழமையே வந்து, மாடிப்படியில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கிடந்தேன். திரும்பி வந்து என்னையே திட்டினாய்: "வெள்ளிக்கிழமைக்குள்ளேன்னு தமிழ்ல எழுதினா கை ஒடிஞ்சிடுமா?"

சரி, விளையாட்டு போதும். வந்துவிடு. இரும்போடு மல்லுக்கட்டியதெல்லாம் போதும். இங்கே ஒரு அறை இருக்கிறது, நான் இருக்கிறேன். அந்த விசாரணையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

கவலையோடு,
கமா


ஜூன் 14

அன்புள்ள கமாவுக்கு,

வரமாட்டேன். இப்போது வந்தால் தப்புப் பண்ணிவிட்டு ஓடி வந்தவளாக வருவேன். அப்படி ஒருத்தியோடு நீங்கள் குடித்தனம் நடத்தலாம், என்னால் முடியாது. அந்த வண்டியை முதன்முதலில் ஓட்டியபோது, "பொம்பளைக்கு எதுக்குங்க இது?" என்று சிரித்தவர்கள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னது சரிதான் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமா?

இன்னொரு சங்கதி. ரேடியோ அண்ணனை ஆபீஸில் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். 'பக்கத்தில் என்றுதான் சொன்னேன்' என்று விசாரணையில் சொல்லப்போகிறாராம். கேன்டீனில் என்னைப் பார்த்ததும் தன் டீயை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். கோபம் வந்தது. டீயைக் குடித்துவிட்டேன், அது வேறு விஷயம்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். அச்சகத்தில் இருக்கிற பெரிய அகராதியைப் பார்த்து, 'பை' என்றால் 'ஷட்டரால்' என்கிற 'ஆல்'தான் என்று எழுதி, முத்திரை குத்தி அனுப்புங்கள்.

கோபத்தோடும் அன்போடும்,
டிரைவரம்மா


ஜூன் 21

அன்புள்ள டிரைவரம்மாவுக்கு,

அகராதியைப் புரட்டிவிட்டேன். இரண்டு பொருளும் அதில் இருக்கின்றன. எனக்கு 'ஆல்' என்றுதான் கேட்கிறது, ஆனால் அவர்கள் சொல்வதைப் பிழை என்று அடிக்க என் சிவப்புப் பேனாவுக்கு அதிகாரம் இல்லை. இலக்கணம் சாட்சிக்கு வராது அம்மா. எந்தப் பொருளில் சொன்னார் என்பது சொன்னவருக்குத்தான் தெரியும். முத்திரை குத்தி அனுப்பினால் பொய் சொன்னவனாவேன். உனக்காக அதையும் செய்வேன், ஆனால் அதை வைத்து நீ ஜெயிக்க மாட்டாய்.

நான்கு நாளாக ஒழுங்காகத் தூங்கவில்லை. ஒரு பாடப்புத்தகத்தில் 'பூச்சி' என்று வர வேண்டிய இடத்தில் 'பூச்சு' என்று விட்டுவிட்டேன். பிள்ளைகள் இனி இலையில் உட்காரும் பூச்சு என்று படிக்கும். வந்துவிடேன்.

கமா


ஜூலை 19

அன்புள்ள கமாவுக்கு,

ஜெயித்துவிட்டேன்!!! முதல் வரியிலேயே சொல்லாவிட்டால் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவீர்கள். இப்போது நிதானமாகப் படியுங்கள்.

விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்தவர், கண்ணாடி போட்ட அம்மாள். பக்கத்தில் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் பெண். எதிரே மேனேஜரும் கம்பெனி வக்கீலும். வக்கீல் பதிவைப் போட்டுக் காட்டிவிட்டு, 'பை' என்றால் பக்கத்தில் என்று நீங்கள் சொன்ன மாதிரியே அழகாக விளக்கினார். ரேடியோ அண்ணனும் "யெஸ் சார், யெஸ் சார்" என்றார். அப்போதுதான் உங்கள் இரண்டு கடிதமும் சேர்ந்து மண்டையில் தட்டின. சொன்னவரைத்தான் கேட்க வேண்டும். அதையும் தமிழில் கேட்க வேண்டும்!

"அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும். தமிழ்ல கேக்கலாமா?" என்றேன். அதிகாரியம்மாள் தலையசைத்தார்.

"அண்ணே, அன்னைக்கு ரேடியோல சொன்னதை அப்படியே தமிழ்ல சொல்லுங்க."

"அதான்மா... டிரைவர்... ஷட்டர்..."

அவ்வளவுதான், நின்றுவிட்டார். இங்கிலீஷில் பை முன்னாலேயே வந்துவிடுகிறது, அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். தமிழில் ஷட்டர் என்று சொல்லியாயிற்று, இனி 'கிட்ட' என்று முடிப்பதா, 'அடிச்சுது' என்று முடிப்பதா? இரண்டில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மொழிபெயர்க்கிற பெண் பேனாவைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்க்கிறாள். வக்கீல் இருமினார்.

"ஷட்டர்தான்மா அடிச்சுது" என்றார் அண்ணன். "என் கண்ணால பாத்தேன். அது மாட்டுது மாட்டுதுன்னு நானே ஆபீஸ்ல எத்தனை வாட்டி சொல்லியிருப்பேன். பயந்துட்டேன்மா. இங்கிலீஷ்ல சொன்னப்போ பொய் மாதிரியே தெரியல. நம்ம வாயால சொல்ல வரல."

அந்தப் பெண் மொழிபெயர்த்தாள். அதிகாரியம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மேனேஜரைப் பார்த்தார். அந்தப் பார்வையை மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. தப்பு என்னுடையது இல்லை என்று அப்போதே எழுதினார். உண்மை சொன்னதற்காக அண்ணன் மேல் கை வைக்கக் கூடாது என்றும் எழுதினார். அந்த ஷட்டரை இன்று காலையில் கழற்றி எடுத்துவிட்டார்கள். போய் நின்று பார்த்தேன்.

அட்டை என் கைக்கு வந்துவிட்டது. ஓட்டுவதற்கு டாக்டர் இன்னும் விடவில்லை. சும்மா வண்டியில் ஏறி உட்கார்ந்து ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினேன். அப்புறம் கிடங்கில் இருந்த வண்டிகள் எல்லாம், அன்றைக்குச் சிரித்தவர்களின் வண்டிகளும் சேர்த்து, பதிலுக்கு அடித்தன பாருங்கள்! அழுதுவிட்டேன். சந்தோஷம்தான். அண்ணனுக்கு இன்று டீ நான் வாங்கிக் கொடுத்தேன்.

இனி 'வந்துவிடு' என்று எழுதாதீர்கள். வரமாட்டேன். நீங்கள் வருகிறீர்களா என்று நானும் கேட்கப்போவதில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வீர்கள். ஆனால் ஹாரன் அடித்தபோது நீங்கள் அங்கே இல்லை. அதுதான் ஒரு குறை.

அட்டையோடு,
டிரைவரம்மா


ஜூலை 25

அன்புள்ள டிரைவரம்மாவுக்கு,

உன் கடிதத்தை அச்சகத்தில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்தேன். 'ஷட்டர்' என்ற இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினேன். மெஷின்காரர், "அப்புறம் என்ன சார், சொல்லித் தொலைங்க" என்று அடிக்க வந்துவிட்டார். படித்து முடித்ததும் கைதட்டினார்கள். நீ போட்ட மூன்று ஆச்சரியக்குறிகளில் ஒன்றைக்கூட நான் அடிக்கவில்லை.

'பை' பற்றி எழுதியபோது ஒரு பொருளை விட்டுவிட்டேன். 'ஸ்டேண்ட் பை' என்பார்கள். என்ன வந்தாலும் ஒருவரோடேயே நிற்பது. எழுதினால் நீ கேள்வி கேட்பாய் என்று அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

முதலாளியிடம் பேசிவிட்டேன். புரூஃப் எங்கே உட்கார்ந்தாலும் பார்க்கலாம், கட்டாக அனுப்பிவைக்கிறேன் என்கிறார். அறையைக் காலி செய்தாயிற்று. சாமான் அதிகமில்லை, எல்லாம் ஒரே பைக்குள் அடங்கிவிட்டது.

பை ஃபிரைடே வருகிறேன். நீ விசாரணை வைப்பதற்கு முன்னால் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்: வெள்ளிக்கிழமைக்குள். புதன்கிழமையாகவும் இருக்கலாம். பூட்டிக்கொண்டு எங்கேயும் போய்விடாதே. வந்ததும் அந்த ஹாரனை எனக்காக இன்னொரு தடவை அடிக்க வேண்டும்.

உன்னால்,
இனி உன் பக்கத்தில்,
கமா