ஆஸ்திரேலியா ஜீப்பில் கடப்பாக்கம் மண்

ஜூலை 5, 2004. திங்கள்.
நல்ல வெயில். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று.

யாரும் இல்லை என்று நினைத்து, ஷெட்டில் நின்ற பட்டாளத்து ஜீப்பில் ஏறி, எஞ்சின் போடாமல் வாயாலேயே 'டுர்ர்' என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். வயது நாற்பத்தெட்டு. பின்னால் மும்தாஜ், கையில் டீ.

"எது வரைக்கும் பூட்டீங்க?"

"மதுராந்தகம்."

"திரும்பி வர்றதுக்குள்ள டீ ஆறிடும்."

இப்படி ஒரு பெண்டாட்டி. அல்லாவுக்கு நன்றி.

சனிக்கிழமை கன்டெய்னர் வருகிறது. ஜீப்பும் உதிரி சாமான் பெட்டியும் ஆஸ்திரேலியா போகிறது. மாமல்லபுரம் பார்க்க வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர், நம் கடப்பாக்கம் ஷெட் வாசலில் நின்றபடியே பேசி முடித்த வண்டி. ஏலத்தில் எடுத்து, நானும் வெல்டர் ஏழுமலையும் தட்டித் தட்டி உயிர் கொடுத்தது. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் இன்னும் ரெண்டு கேட்கிறார். சேராவிட்டால் ஷெட்டைப் பூட்டிவிட்டு மறைமலைநகரில் கம்பெனி கம்பெனியாக வேலை கேட்டு நிற்க வேண்டியதுதான்.

ஜூலை 7. புதன்.
கப்பல் ஏஜென்ட் போன். "பாய், மண்ணு, விதை, ஒண்ணும் இருக்கக் கூடாது. இருந்தா அந்த ஊர்ல எறக்கவே வுட மாட்டான், திருப்பி அனுப்பிடுவான். சனிக்கிழமை செக் பண்ண ஆள் வரும்."

ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பாதி கடப்பாக்கம் அங்கேதான் இருந்தது.

வாங்கியது: டூத்பிரஷ், சோப்புத் தூள், தார்ப்பாய், எனக்கு முதுகுவலித் தைலம்.

மும்தாஜ் சொல்லி, மீன்காரத் தெருப் பெண்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டே செல்வி, "எம் புள்ளயக்கூட இப்டி தேச்சதில்ல பாய்" என்றாள்.

"அதான் அவன் அந்த கலர்ல கீறான்."

ஈரத்துணி என் முகத்தில் வந்து விழுந்தது. நியாயம்தான். டீயும் பன்னும் தவிர எதுவும் வாங்க மாட்டேன் என்று போய்விட்டார்கள். இவர்களுக்கு நான் என்ன செய்தேன்? ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

ஜூலை 9. வெள்ளி.
ஜும்மாவில் ஒன்றே ஒன்று கேட்டேன், காற்று அடிக்கக் கூடாது. அடித்தது. தார்ப்பாய் போட்டு, மும்தாஜ் புடவையால் கட்டினேன். நல்ல புடவையாம். பிறகு தெரிந்தது.

கியர்பாக்ஸ், ரேடியேட்டர், ஸ்பிரிங் பட்டை எல்லாம் பெட்டியில். ஏழுமலை வைக்கோல் கொண்டுவந்தான், உள்ளே வைத்து அடைக்க. "டேய், அதுல நெல்லு இருக்கும்டா" என்று திருப்பி அனுப்பினேன். முகம் தொங்கிவிட்டது.

"பூசை போடாம அனுப்பறது மனசுக்கு பேஜாரா கீது பாய்."

"போடுடா. இன்னா கொறஞ்சிடப் போவுது."

ஜூலை 10. சனி.
காற்று இல்லை. கேட்டது ஒரு நாள் தள்ளிக் கிடைத்தது.

சோதனைக்காரர் டார்ச்சும் கண்ணாடியுமாக அடியில் குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. "சுத்தமா வச்சிருக்கீங்க" என்றார். ஸ்டார்ட் பண்ணி நகர்த்தினேன். நாலு சக்கரத்துக்கு அடியிலும் ஏதோ நசுங்கியது.

"இது இன்னாப்பா?"

"எலுமிச்சம்பழம் சார், பூசைக்கு. நீங்க பாத்து முடிச்சப்புறந்தான் வச்சேன்" என்றான் ஏழுமலை.

"விதை?"

"நாட்டுப் பழம் சார். நெறைய இருக்கும்."

உண்மையைத் தவிர வேறு பேசத் தெரியாதவன்.

ஜாக்கி வைத்து மறுபடி தூக்கினோம். தெருப் பெண்கள் மறுபடி ஓடி வந்து, ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து, டயர் வரியில் விதை விதையாக நோண்டி எடுத்தார்கள். கன்டெய்னர் லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. சோதனைக்காரர் நினைத்திருந்தால் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்து மும்தாஜ் கொடுத்த சோறு தின்றார். கை கழுவி, நாலு டயரையும் திரும்பப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். அவர் பிள்ளைகுட்டி நன்றாக இருக்கட்டும்.

"எல்லாம் என்னாலதான் பாய்." ஏழுமலை கண்ணில் தண்ணீர்.

"வுடு. நல்லவேள, பூசணிக்கா ஒடைக்கல."

ஜீப்பை நானே கன்டெய்னருக்குள் ஓட்டி ஏற்றினேன். பெட்டியையும் வைத்து, கயிறு போட்டுக் கட்டி, கதவைச் சாத்தி, சீல் வைத்தார்கள். லாரி போய்விட்டது. தெருவே நின்று கை ஆட்டியது.

மும்தாஜ் என் காலைப் பார்த்து, "செருப்பு எங்க?" என்றாள்.

உள்ளே ஓட்டும்போது ஜீப்பில் மண் படக் கூடாது என்று கழற்றி, சீட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்தேன்.