அளவு ஜாக்கெட்

செவ்வாய்க்கிழமை, இரவு.

ரஷீதா தைத்த ஜாக்கெட்டில் இந்த முறையும் கொக்கி மாட்ட முடியவில்லை. மத்தியானம் தண்டையார்பேட்டையில் அவள் கடைக்கே போய்ச் சத்தம் போட்டேன். மாதவிலக்கு தள்ளிப்போக ஆரம்பித்ததிலிருந்து வருகிற அந்தச் சூடு அங்கேயும் வந்தது. எல்லார் முன்னாலும் காது, கழுத்து எல்லாம் வேர்த்துக் கொட்டியது.

அளவுக்காக நான் கொடுத்திருந்த பழைய ஜாக்கெட்டை எடுத்துப் புதியதன் மேல் வைத்தாள். நூலளவு வித்தியாசமில்லை.

"இது எப்போ தச்சதுக்கா?"

என் தங்கை கல்யாணத்துக்கு. பதினாறு வருஷமாகிறது. நான் சொல்லவில்லை.

"புச்சா அளவு எடுத்துக்கிறேன். எனுக்கும் போன வருஷம் இப்டித்தான் ஆச்சு. கையைச் சின்னதா, கழுத்தை அகலமா வச்சிடலாம், காத்து வரும். உனுக்கு எடுப்பா இருக்கும்க்கா."

எடுப்பாம். கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். டேப்பில் வந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் எழுதிக்கொண்டாள். அந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை.

பழையது இனி அவளுக்குத் தேவையில்லையாம். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஃபேன் ஓடியும் வேர்க்கிறது. அந்த ஜாக்கெட்டால்தான் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். நல்ல பருத்தி. வேர்வையை நன்றாக இழுக்கிறது.