வெயிலைப் பற்றிக் கேட்ட டாக்டர்

17 மார்ச் 1994, வியாழன்

இன்று என் வீட்டுக்காரரை அவிநாசியில் புதிதாக வந்திருக்கும் லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். விரல் மூட்டெல்லாம் வீங்கி, நூல் அறுந்தால் முடிச்சுப் போட முடியவில்லை இவருக்கு. இப்படியே போனால் பனியன் கம்பெனியில் இவர் ஓட்டும் நிட்டிங் மிஷினை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள்.

மூட்டு அழற்சிக்கு இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளைப் பார்த்த டாக்டர், இவருடைய முழங்காலுக்குக் கீழே எலும்பை அழுத்தினார். இவர் கத்திவிட்டார்.

"வெயில்ல நடப்பீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"திருப்பூர்ல வெயிலுக்கென்னங்க பஞ்சம்?" என்று இவர் சிரித்தார்.

நான் குறுக்கிட்டேன். "இல்லீங்க டாக்டர். வருசக்கணக்கா நைட் ஷிப்ட்டுங்க. விடியறப்ப ஊட்டுக்கு வந்து, சன்னலச் சாத்திட்டுத் தூங்குவாருங்க."

எலும்பு வலிக்கு, வெயில் படாததால் வரும் வைட்டமின் டி குறைவுதான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். மூட்டு வீக்கம் வேறு நோயாம். பழைய மாத்திரையை நிறுத்தக் கூடாதாம். "ஆனா அந்த வைட்டமின் குறைஞ்சா வீக்கமும் கூடுமான்னு ஆராய்ச்சி பண்றாங்க. இன்னும் உறுதியாத் தெரியலைங்க."

பஸ்ஸில் வரும்போது அதே யோசனை. தோலில் படும் வெயிலுக்கும் விரல் மூட்டுக்கும் என்ன சம்பந்தம்? எது முதலில் வந்திருக்கும், குறைவா, வீக்கமா?

சாயங்காலம் இவரே கம்பெனிக்குப் போய்ப் பகல் ஷிப்ட் கேட்டார். திங்கட்கிழமை முதல் வரச் சொல்லிவிட்டார்கள், அதுவரை லீவு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெயிலில் உட்காரச் சொன்னேன்.

"என்னை வத்தலாக் காயப் போடறயா?" என்றார்.

லீவு நாள் ராத்திரியிலும் விழித்தே கிடப்பவர், இப்போது குறட்டை விடுகிறார். டாக்டர் கொடுத்த வைட்டமின் மருந்தை இன்னும் பிரிக்கவேயில்லை.