மீனாவைத் தாரை வார்க்கும் கை

என் உயிரான ராஜி அக்காவுக்கு,

காணும் பொங்கலன்று சாயங்காலம், எங்கள் மந்தைவெளி வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்துச் சாப்பிட்டவர்கள்: உன் மகள் மீனா, உன் வீட்டுக்காரரான மாமா, மாமாவின் தங்கை புவனா, புவனாவின் வீட்டுக்காரர், மாப்பிள்ளைப் பையன், அவன் அம்மா, அப்பா, தங்கை, என் வீட்டுக்காரர், நான். மொத்தம் பத்துப் பேர். நீ இருந்திருந்தால் பதினொன்று. இல்லை, நீ இருந்திருந்தால் விருந்தே உன் வீட்டில் நடந்திருக்கும். நான் பரிமாறிக்கொண்டிருந்திருப்பேன்.

தை கடைசியில் மீனாவுக்குக் கல்யாணம். மாமா தனியாக நின்று பெண்ணைத் தாரை வார்க்க முடியாது, தம்பதியாகத்தான் செய்யணும் என்று ஐயர் சொல்லிவிட்டார். ஒன்று நானும் என் வீட்டுக்காரரும், இல்லாவிட்டால் புவனாவும் அவள் வீட்டுக்காரரும். "மீனா இஷ்டம்" என்று மாமா நழுவிக்கொண்டார். மீனா, விருந்தன்றைக்குச் சொல்கிறேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் கற்பகாம்பாள் சன்னிதியில் நின்று கேட்டேன் அக்கா. அந்த இடம் எனக்குக் கிடைக்கணும் என்று மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை. புவனாவுக்குக் கிடைக்கக் கூடாது என்றும் சேர்த்துக் கேட்டேன்.

நீ போன பிறகு ஆறு வருஷம் மீனாவுக்கு டிபன் கட்டியது நான். ஜுரம் வந்தால் பக்கத்தில் படுத்தது நான். புவனா கே.கே. நகரிலிருந்து மாசம் ஒரு தடவை கேக் வாங்கிக்கொண்டு வருவாள். மீனா "அத்தை!" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள். தினமும் இருக்கிறவளை யார் ஓடி வந்து கட்டிக்கொள்வார்கள்?

ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டு வரட்டும், இரண்டு குடும்பமும் பழகட்டும் என்பது மீனாவின் யோசனை. "பாட்லக் சித்தி" என்றாள். கூட்டாஞ்சோறுதானே என்று என் நோட்டை எடுத்தேன். பால் பாக்கெட்டிலிருந்து விளக்கெண்ணெய் வரை எழுதுகிற நோட்டுதான், உனக்குத் தெரியும். ஒரே பதார்த்தம் இரண்டு வீட்டிலிருந்து வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று எழுதினேன். சம்பந்தி அம்மாவுக்குப் பாயசம். எனக்கு உன் வத்தக் குழம்பு. புவனாவுக்குத் தயிர் சாதம். காரணத்தை எழுதவில்லை. தயிர் சாதத்தை யார் புகழப் போகிறார்கள்?

பீச்சுக்குப் போகிற கூட்டத்தில் மாட்டிக்கொண்டு புவனா ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள், கையில் பெரிய தூக்கு. "ஏன் செல்வி, எனக்குத் தயிர் சாதம்னு எழுதிட்டியே, சமைக்கத் தெரியாதுன்னு உன்கிட்ட போட்டுக் குடுத்தது யாரு, இவரா?" என்று வீட்டுக்காரரைக் காட்டினாள்.

"நான் வாயே திறக்கலைம்மா. கல்யாணம் ஆனதுலேர்ந்து திறக்கலை" என்றார் அவர். மாடியே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

தூக்கைத் திறந்தால் தயிர் சாதத்தின் மேல் மாங்காய்த் துருவல், மாதுளை, வறுத்த முந்திரி. மாப்பிள்ளை மூன்று தடவை போட்டுக்கொண்டான். முதலில் காலியான பாத்திரம் அதுதான். நோட்டில் அதற்கு நேரே 'தீர்ந்தது' என்று எழுதும்போது பேனா கொஞ்சம் அழுந்திவிட்டது.

மீனா என் குழம்பை ஒரு வாய் பிசைந்து சாப்பிட்டாள். கண் கலங்கிவிட்டது. "சித்தி, அப்படியே அம்மா வச்ச குழம்பு." இதைக் கேட்கத்தானே அன்றைக்கு அதை வைத்தேன்? கேட்டதும் ஏன் சுருக்கென்றது? அப்படியானால் ஆறு வருஷம் நான் வைத்தது என்ன குழம்பு?

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி அம்மா கேட்டார்கள்: "தாரை வார்க்கிறது யாரும்மா? முடிவு பண்ணியாச்சா?"

"சித்தியும் சித்தப்பாவும்தான் ஆன்ட்டி. சித்தி நின்னா அம்மா நிக்கிற மாதிரியே இருக்கும்."

"அப்பாடா, பொழைச்சேன்! என் முட்டிக்கு மணையில உக்காந்தா தூக்கிவிட கிரேன்தான் வரணும்" என்று புவனா கையைத் தட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கீழே வந்தால், சமையலறைத் தொட்டியில் அவள் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கழுவின தூக்கு. திரும்பாமலே சொன்னாள்: "மீனா பொறந்தப்போ அண்ணி மயக்கத்துல இருந்தாங்க செல்வி. நர்ஸ்கிட்டேர்ந்து கையில வாங்கினது நான்தான்."

எனக்கு இது தெரியாது. நீ ஏன் சொல்லவே இல்லை? பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாதே, மிச்சக் குழம்பு முழுவதையும் அந்தத் தூக்கில் ஊற்றிக் கொடுத்தேன். மன்னிச்சுக்கோங்க என்று சொல்ல வாய் வரவில்லை. "குழம்பு நாலு நாள் தாங்கும்" என்றுதான் வந்தது.

கேட்டது கிடைத்துவிட்டது. புவனா மேல் இருந்த பொறாமையைத் தேடிப் பார்க்கிறேன், அங்கே காணோம். எல்லாம் உன் பக்கம் திரும்பி நிற்கிறது. அக்கா, செத்துப்போனவள் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன்.

மறுநாள் காலை மீனா உன் கூறைப் புடவையைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். "அன்னைக்கு இதைக் கட்டிக்கோங்க சித்தி." நான் தி. நகரில் நாலு கடை ஏறி இறங்கி எனக்கென்று ஒரு அரக்குப் பட்டு எடுத்து பீரோவில் வைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வேன்? சின்ன வயசில் நீ போட்ட பாவாடை, நீ படித்த புஸ்தகம் எல்லாம் எனக்கு வந்தது. காலேஜ் மட்டும் வரவில்லை. எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். மிச்சத்தை நானாகத்தான் படித்துக்கொண்டேன். இந்த ஒரு நாளாவது நான் செல்வியாக நிற்கக் கூடாதா? ஆனால் அந்தப் பெண் தேடுவது அம்மாவை. அதுவும் எனக்குத் தெரிகிறது.

அம்பாளிடம் பூப்போட்டுப் பார்க்கலாம்தான். ஆனால் இது உன்னிடம் கேட்க வேண்டிய கேள்வி.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். எதைக் கட்டி நின்றாலும், மீனா கைமேல் தண்ணீர் வார்க்கும்போது என் மனசில் உன் மேலோ புவனா மேலோ ஒரு கசடு இருக்காது. அதற்குள் கழுவிவிடுவேன்.

டெய்லர் வியாழக்கிழமைக்குள் ஜாக்கெட் துணி கொடுக்கச் சொல்கிறார். உன் புடவையா, என் புடவையா? கனவில் வந்தாவது புதன்கிழமைக்குள் பதில் சொல்லு அக்கா.

உன் கூடப் பிறந்தவள்,
செல்வி